பெக்னிட்ஸில் பிரிந்த வண்டி

போன மாதம் ஒரு ஜெர்மன் ரயிலில், டிக்கெட் பரிசோதகர் அம்மாள் ஒருவர் என்னிடம் மிக எளிமையான ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் மனைவி என்ன நிறக் கோட் போட்டிருக்கிறார்?”

எனக்குத் தெரியவில்லை.

நிஜமாகவே தெரியவில்லை. அன்று காலை ஹோட்டலில் அந்தக் கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டவன் நான்தான். ஜிப் பாதியில் சிக்கியது, எனக்கு எரிச்சல் வந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. நிறம்? நீலமா... பச்சையா... ஏதோ ஒன்று.

அந்த நேரத்தில் என் மனைவி விமலா வேறொரு வண்டியில், வேறொரு ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். டிக்கெட் கிடையாது. பாஸ்போர்ட் கிடையாது. கையில் போன் உண்டு, ஆனால் அது என் போனிலிருந்து நெட் குடித்து உயிர் வாழ்கிற போன். தனி சிம் எதற்கு என்று சிக்கனம் பார்த்தது நான். ஆக, அவளுக்குத் தேவையான எல்லாமே என் பையில் பத்திரமாக இருந்தன. பொறுப்பான ஆள் பாருங்கள்!

எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன்.

போன மாதம் நான்கு வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று ஒரு வாசகர்கூட விசாரிக்கவில்லை என்பதை ஆசிரியர் மிகுந்த மகிழ்ச்சியோடு தெரிவித்தார். நாங்கள் ஜெர்மனி போயிருந்தோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். விமலாவுக்கு இலையுதிர் காலம் பார்க்க ஆசை.

“அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? ஜனவரியில நம்ம ரப்பர் தோட்டத்துல போய் நின்னாப் போதாதா? எல செவந்து கொட்டும்” என்றேன்.

“அத பாத்தாச்சு. கொசு கடிச்சதாக்கும் மிச்சம்” என்றாள்.

கிளம்பினோம். ஓர் ஊரில் இரண்டு நாள், அடுத்த ஊருக்கு ரயில், அங்கே இரண்டு நாள், மறுபடியும் ரயில். மியூனிக், நூரம்பர்க், பைராய்ட், லைப்ஸிக், டிரெஸ்டன். திட்டம் என்னுடையது. ரயில் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. இருபத்திரண்டு வருட சீசன் டிக்கெட்காரன் நான்.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் இருவருக்கும் திருவனந்தபுரத்தில் வேலை. நான் ஓர் அலுவலகத்தில். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பாறசாலை ஸ்டேஷனில் காலை பாசஞ்சர். அவள் லேடீஸ் பெட்டிக்குப் போவாள். நான் கடைசிக்கு முந்தைய பெட்டிக்கு. எங்கள் சீட்டுக் கோஷ்டி அங்கேதான் — நான்கு பேர், மடியில் ஒரு பிரீஃப்கேஸ், ‘இருபத்தெட்டு’ என்கிற சீட்டாட்டம். நெய்யாற்றின்கரையில் கூட்டம் நெருக்கினாலும் எங்கள் ஆட்டம் நிற்காது. திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியதும் அவள் ஒரு பஸ், நான் ஒரு பஸ்.

இருபத்திரண்டு வருடமாக ஒரே வண்டியில் போகிறோம். ஒன்றாகப் போனதில்லை.

இந்தப் பழக்கத்தை நாங்கள் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஜெர்மனிக்கும் கொண்டுபோனோம். அதுதான் வினை.

நூரம்பர்க்கில் பைராய்ட் வண்டி வந்து நின்றபோது நல்ல கூட்டம். முன்பக்கம் ஒரு பெட்டியில் நான்கு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். விமலாவின் கால்கள் தாமாகவே அங்கே போயின. என் கால்கள் தாமாகவே பின்னால் போயின.

“நான் பெறத்த கேறுதேன். எறங்கும்போ பாக்கலாம்” என்றேன்.

“தூங்கிரப்பிடாது, கேட்டியளா?” என்றாள்.

தூங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மலைச்சரிவு முழுக்க மஞ்சள், அடுத்த சரிவு முழுக்கச் செம்பு நிறம். நடுவில் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. ஒருமுறை அல்ல, மூன்று முறை. நம் ஊரில் மூன்று முறை அறிவித்தால் என்ன அர்த்தம்? வண்டி லேட். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெக்னிட்ஸ் என்று ஒரு ஜங்ஷன். வண்டி நின்றது, ஒரு குலுக்கு, மறுபடியும் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் அம்மாள் வந்தார். போனை நீட்டினேன். இருவருக்கும் சேர்த்து நாள் முழுக்கச் செல்லுபடியாகும் டிக்கெட்.

“இன்னொருவர் எங்கே?”

“முன்னால் இருக்கிறார்.”

“முன்னால் என்று ஒன்றும் இல்லையே... முன்னால் டிரைவர் மட்டும்தான் இருக்கிறார்.”

விஷயம் அப்போதுதான் புரிந்தது. அந்த வண்டி புறப்படும்போது ஒரு வண்டி. பெக்னிட்ஸில் இரண்டு வண்டி. முன்பாதி பைராய்ட்டுக்கு. பின்பாதி ஹோஃப் என்கிற வேறு ஊருக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை எந்த சீசன் டிக்கெட்காரன் படித்தான்?

அந்த அம்மாள் நல்லவர். முன்பாதியில் இருக்கும் சக ஊழியரைக் கூப்பிடுவதாகச் சொல்லி அடையாளம் கேட்டார். அப்போது வந்ததுதான் கோட் கேள்வி.

போட்டோ இருந்தால் காட்டுங்கள் என்றார். காட்டினேன். மியூனிக் ரயில் நிலையம். நூரம்பர்க் ரயில் நிலையம். ஒரு சிவப்பு இஞ்சின். அதே இஞ்சின் பக்கவாட்டில். ஒரு பாலம். இருநூறு படங்களைத் தள்ளிக்கொண்டே போனதில் ஒன்றில் விமலா அகப்பட்டாள்... இடது தோளும் ஒரு காதும்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தனியாகத்தானே போகிறார்? டிக்கெட் இல்லாமல்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனில் பேசினார். கேட்டார். தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“தனியாக, டிக்கெட் இல்லாமல் வந்த பெண் யாரும் அந்த வண்டியில் இல்லையாம்.”

அப்படியென்றால்? என்னைக் காணோமென்று பெக்னிட்ஸில் இறங்கிவிட்டாளா? அவளுக்கு ஜெர்மனில் நன்றி சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஹோட்டல் பெயர் தெரியாது. அதுவும் என் போனில். இத்தனை வருடம் வேடிக்கையாக எழுதிப் பிழைத்தவனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் வேடிக்கையாக ஒரு வரி தோன்றவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். திரும்பும் வண்டியின் நேரத்தையும் பிளாட்பாரத்தையும் அந்த அம்மாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பெக்னிட்ஸுக்குத் திரும்பி வந்து பிளாட்பாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடினேன். அங்கே நின்றவர்களிடமெல்லாம் கேட்டேன். எப்படிக் கேட்பது? நிறம் தெரியாது. ஆகவே என் தோள் அருகே உள்ளங்கையை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அது ஒன்று மட்டும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை. அடுத்த பைராய்ட் வண்டியில் ஏறினேன். உட்கார முடியவில்லை. இடம் இருந்தது; முடியவில்லை.

பைராய்ட்டில் வண்டி நிற்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஒரு பெஞ்சில் ஐந்து பெண்கள். நான்கு பேருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மலையேறும் தடி, முதுகில் பை. நடுவில் விமலா. மடியில் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்து டப்பா. காலி.

கோட் மெரூன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்புத் தொப்பி போட்ட அம்மாள் எழுந்து வந்தார். என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி அரை நிமிடம் ஜெர்மனில் பொரிந்து தள்ளினார்.

“என்ன சொல்லுதா?” என்று விமலாவிடம் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? ஆனா சரியாத்தான் சொல்லுதா.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் மிச்சமிருந்த சாயாவை அவள் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். யாருடைய பிளாஸ்க் என்று நான் கேட்கவில்லை.

“பயந்தியா?” என்றேன்.

“பின்ன பயம் வராதா? வண்டி நகருது, எட்டிப் பாத்தா நிங்க இருந்த பாதி அங்கயே நிக்கு. கண்ணீரு கொட்டிக் கரைஞ்சுட்டேன். இவிய ஒண்ணும் கேக்கல்ல. ஒருத்தி கையப் பிடிச்சா. ஒருத்தி சாயா தந்தா. உங்க நம்பரச் சொன்னேன், விளிச்சுப் பாத்தினும். நிங்க அந்த சிம்ம ஊரிட்டுல்லா இங்கத்த சிம்ம இட்டிருக்கிய!”

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருக்கலாமே என்று இப்போது யாராவது கடிதம் எழுதுவீர்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

“செக்கிங் வரல்லியா?”

“வந்துது. அதாக்கும் கத. இவியளுக்கு அஞ்சு பேருக்க டிக்கெட்டு. அஞ்சாவது ஆளுக்குக் காய்ச்சல், வரல்ல. டிக்கெட்டுல பேரு எழுதணும் போல. இந்தத் தொப்பிக்காரி பேனாவ எடுத்து, அந்த எடத்துல எனக்க பேர எழுதிட்டா. எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தது நான்.”

கணக்கு டீச்சருக்கு அதில் உறுத்தல் ஒன்றும் இல்லை. தனக்கு ஏற்கெனவே ஒரு டிக்கெட் இருக்கிறது, அது ஹோஃப் போய்விட்டது, அவ்வளவுதானே என்றாள்.

ஆக, போனில் வந்த பதில் பொய்யில்லை. தனியாக வந்த பெண் யாரும் அந்த வண்டியில் இல்லை.

அவர்களுடைய அரைகுறை ஆங்கிலத்திலிருந்து தெரிந்தது இது: நான்கு பேரும் காட்டில் நடப்பதற்காக வந்தவர்கள். இலைகள் நிறம் மாறி நிற்பது இன்னும் சில நாள்தானாம். ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து வருவார்களாம். அந்த நாளில் பாதியை ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து செலவழித்திருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் நன்றி சொன்னேன். தொப்பிக்கார அம்மாள் விமலாவைக் கட்டிப்பிடித்தார். என்னைப் பார்த்து விரலை மறுபடி ஆட்டினார். போய்விட்டார்கள்.

“முன்பின் தெரியாதவிய... என்ன மனசு பாரு!” என்றேன்.

“நம்ம லேடீஸ் பெட்டியிலயும் இதாக்கும் வழக்கம்” என்றாள் விமலா. “ஒருத்தி கரைஞ்சா, ஏன் எதுக்குன்னு ஒருத்தியும் கேக்கமாட்டா. கையப் பிடிப்பினும். அவளுக்க பைய யாராவது எடுத்து வச்சுக்கிடுவினும். எறங்கும்போ முகம் தொடைக்கத் தண்ணி தருவினும்.”

“நீ எப்பம் அங்க கரைஞ்ச?”

“அம்ம போயி, பதினாறு கழிஞ்சு வேலைக்குப் போனேன் இல்லியா? ஒரு மாசம். பாறசாலையில கேறினா தம்பானூர் வர.”

அந்த ஒரு மாதமும் நான் அதே வண்டியில்தான் இருந்தேன். ஏழெட்டுப் பெட்டி பின்னால், துருப்பு யார் கையில் என்று யோசித்துக்கொண்டு. வீட்டில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. ‘நல்ல தைரியசாலி’ என்று சீட்டுக் கோஷ்டியிடம் பெருமையாகச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. யாரோ ‘ஆமா ஆமா’ என்றார்கள். சீட்டைப் போட்டோம்.

விமலா காலி டப்பாவைப் பையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு லைப்ஸிக், டிரெஸ்டன். எல்லா வண்டியிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. முதல் அரை மணி நேரம் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. பிறகு அவள் ஆரம்பித்தாள். ஸ்டாஃப் ரூம் சண்டைகள், லேடீஸ் பெட்டியில் நடந்த ஒரு வளைகாப்பு, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மூன்று மாதம் தினமும் வண்டியேறி வந்த ஒரு பெண்... இரண்டு நகரங்கள் வந்து போயின. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய முதல் திங்கட்கிழமை, பாறசாலை ஸ்டேஷன். ஜெர்மனியில் வாங்கிய பெரிய சாக்லேட் டப்பா ஒன்றோடு லேடீஸ் பெட்டியின் ஜன்னலருகே போய் நின்றேன்.

“போங்க... ஆளுவ பாக்குதினும்” என்று உள்ளேயிருந்து விமலா பல்லைக் கடித்தாள்.

உதியன்குளங்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இந்த வண்டியைப் பிடிக்கும் ஷைலஜா ஜன்னலுக்கு வந்தார். விமலாவுக்கு எதிர் இருக்கைக்காரர். விமலாவின் கதைகளில் கேட்ட பெயர்; அன்றுதான் முதல்முறையாக முகம் பார்க்கிறேன்.

“இது ஆருக்கு, சாரே?”

“உங்க எல்லாருக்கும்தான்.”

“எந்தினு? எதுக்காக்கும்?”

ஜெர்மன் ரயிலிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் துண்டு துண்டாகத்தான் வந்தது. “விமலாவை... நிங்க எல்லாரும்... இத்தனை வருசம் பாத்துக்கிட்டதுக்கு” என்றேன்.

ஷைலஜா டப்பாவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களிடம் காட்டினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“சாரே, பாத்துக்கிட்டது மட்டும் இல்ல. நிங்க தாலி கெட்டின நாள்முதல் உள்ள கத முச்சூடும் நாங்க கேட்டிருக்கோம். அதுக்கு ஒரு டப்பியா?”

பெட்டி முழுக்கச் சிரித்தது. வண்டி நகர்ந்தது. நான் ஏற மறந்து பிளாட்பாரத்தில் நின்று ஒத்துக்கொண்டேன் — போதாதுதான்.