எட்டு நிமிடக் கடைகள்

லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் மத்தியில் அவருக்கு 'எட்டு நிமிஷம்' என்று பெயர். வேலைக்கு நடுவே கடைக்குள் நுழைந்து, சாப்பிட்டு, கை கழுவி வெளியே வர அவருக்கு அவ்வளவுதான் ஆகும். முப்பத்தொரு வருஷம் நகரத்தின் லிஃப்டுகளோடு மாரடித்தவர். எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எந்தச் சந்தில் நல்ல சூப் கிடைக்கும், எங்கே மீனைக் கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள், எந்தக் கடைக் காபியைத் தொடவே கூடாது, எல்லாம் அத்துப்படி.

கடை கண்டுபிடிக்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது. பெயர்ப் பலகையைப் பார்க்க மாட்டார். கூட்டம் ஓய்ந்த பிறகு, மூன்று மணிக்குப் போய் எட்டிப் பார்ப்பார். சமையல்காரர் தன் கடைச் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உள்ளே நுழைவார். வேறு கடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய கடையைப் பற்றி மனைவியிடம் அளப்பார். அவள் துணி மடித்தபடி கேட்பாள். "என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க."

"போலாம், போலாம்."

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மருந்து ஏற ஏற நாக்கில் ருசி போயிற்று, காலில் பலம் போயிற்று. ஒரு காலை, பாதி மாட்டிய காலுறையோடு கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "ஏங்க, போலாம் போலாம்னீங்களே. இப்பப் போனாத்தான் உண்டு."

"எந்தக் கடைக்கு? சொல்லு."

"ஊரையே சாப்பிட்டவர் நீங்க. நீங்க சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு கடையாக நினைத்துப் பார்த்தார். சூப் கடையில் நாற்காலியே கிடையாது. சுவரோரப் பலகையில் கிண்ணத்தை வைத்து நின்றபடிதான் குடிக்க வேண்டும். மீன் கடையில் முக்காலி, முதுகு சாய்க்க முடியாது. ரொட்டிக் கடைக்கு ஏழு படி ஏற வேண்டும். கழிப்பறை இருக்கிறதா என்று எந்தக் கடையிலும் அவர் கேட்டதே இல்லை. பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை, அங்கேயே போய்விடுவார். அத்தனை வருஷம் சேர்த்த ஞானமும் நிற்கத் தெம்புள்ள ஒரு மனுஷனுக்கு மட்டுமே உதவும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மகள் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஃபோனை நீட்டினாள். "இங்க பாருங்கப்பா, நாலு புள்ளி ஆறு நட்சத்திரம். நாற்காலி ஃபோட்டோகூட போட்டிருக்காங்க."

"யாரு குடுத்த நட்சத்திரம்?"

"சாப்பிட்டவங்கதான்."

"அவங்க நாக்கை நான் எங்கே போய்ப் பார்க்கிறது?"

ஆனாலும் சனிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் முன்கூட்டிப் பார்த்து வரக் கிளம்பினார்கள். அவள் டேப்பால் படியின் உயரத்தை அளந்தாள். அவர் சமையலறையை எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினார். முதல் கடையில் நாற்காலி மெத்தை மாதிரி இருந்தது, சூப் ஆறிப்போயிருந்தது, பாட்டு காதைக் கிழித்தது. இரண்டாவதில் எல்லாம் சரி, கழிப்பறை மட்டும் மாடியில். மூன்றாவது திறந்திருப்பதாக ஃபோன் சொன்னது. போனால் கடை இருந்த இடத்தில் ஒரு செருப்புக் கடை. நான்காவதில் ஈ காக்காய் இல்லை, ஆனாலும் வாசலிலேயே மறித்தார்கள்.

"சிஸ்டத்துல எல்லா மேசையும் புக் ஆயிருக்கு சார்."

"அப்ப சிஸ்டமே உக்காந்து சாப்பிடட்டும்" என்று அவர் திரும்பிவிட்டார்.

மூன்று வாரம் ஓடிற்று. "கடை தேடுறீங்களா, கடை கட்டுறீங்களா?" என்றாள் மனைவி.

கடைசியில் அவர் சூப் கடைக்கே போய் நின்றார். "நாற்காலியை நானே கொண்டாந்துடறேன். ஓரமாப் போட்டுக்கலாமா?"

"அண்ணன் எங்க கடையில உக்காரப் போறீங்களா! நல்லாப் போடுங்க" என்றாள் கடைக்காரம்மா.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. டாக்சி பிடித்து, சாய்வு நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்து, மூவரும் போனார்கள். மனைவி உட்கார்ந்தாள். கடையைச் சுற்றிலும் பார்த்தாள். சூப் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

"இரும்பு மாதிரி இருக்குங்க."

அவரும் குடித்துப் பார்த்தார். என்றைக்கும் போல அதே சூப். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "சரியாத்தானே இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அதே நேரம் அவர் ஃபோன் அடித்தது. பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். அவருக்கு அன்று விடுப்பு. ஆனால் அவரைவிடப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. லிஃப்ட் பக்கத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? அவர் கண்டுபிடித்த கடைகள் எல்லாமே அவருடைய லிஃப்டுகளின் காலடியில்தான் இருந்தன.

"போங்க" என்றாள் மனைவி. "அவங்க பயந்துட்டு இருப்பாங்க."

"பத்தே நிமிஷம்."

மோட்டார் அறைச் சாவியைக் காவலாளி எங்கோ வைத்துவிட்டுத் தேடினான். கதவுப் பூட்டு இறுகிக் கிடந்தது. ஐம்பது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தவர்கள், "இவ்வளவு நேரமா?" என்று அவர்மேல் பாய்ந்தார்கள்.

ஓடி வந்தார். மனைவிக்கு முன்னால் காலித் தட்டு. கடைக்காரம்மா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவியின் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"என்ன சாப்பிட்டே?"

"இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று அவளும் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்ட், காவலாளி, பூட்டு, ஃபோன், ஊர், எல்லாவற்றின் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த வாரம் மறுபடி வருவோம்" என்றார். அடுத்த வாரம் அவளால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. ஐந்தாவது வாரம் அவள் இல்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டா?"

"உருளைக்கிழங்குப்பா. வேகவெச்சது. கொஞ்சம் வெண்ணெய். உப்பு வேணாம்னுட்டாங்க."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டாவதை நீ ஊட்டினியா?"

"இல்ல. 'இன்னொண்ணு இருக்கா'ன்னு அம்மாவே கேட்டாங்க."

அவர் குரல் ஏறும். "நீயாவது எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பண்ணினேன்பா. நீங்க எடுக்கல."