நான் நிறுத்திய பாட்டு

அந்தப் பாட்டை நிறுத்தியவன் நான். கைபேசியில் சார்ஜ் தீரவில்லை; மின்சாரமும் போகவில்லை. இந்தக் கையால் வயரைப் பிடுங்கினேன். அதனால்தான் செல்லம்மா பாதி வழியில் திரும்பி நடந்தாள்... மண்ணுக்குள் போனாள்.

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எவருக்கும் இது தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் சொல்கிறேன். அதுவும் ஒரு கோழைத்தனமே!

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோயிலில் மாலைப் பூசைக்குப் பண் பாடுகிறவன். ஒலிபெருக்கி அறைக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. இராகமும் சொற்சுத்தமும் இல்லாத ஒன்றைப் பாட்டென்று ஒப்புக்கொள்ள என் செவி மறுத்தது. வயது ஏற ஏற அந்த மறுப்பு இறுகியது. இளையவர்களின் பாட்டு எங்கே தொடங்கினாலும் கதவைச் சாத்துவேன். அதைப் புலமை என்று எண்ணியிருந்தேன். முதுமை என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு, மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் ஒரு வெடிப்புக் கண்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கடும் மழை என்றால் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுங்கள் என்றார்கள், போய்விட்டார்கள். ஏறச் சொல்லி எப்படி எல்லாருக்கும் அறிவிப்பது? தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வேலைக்கு என்று நினைப்பார்கள். கோயில் மணி அடித்தால் பூசைக்கு என்று நினைப்பார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டைப் போடலாம் என்றாள் தர்ஷினி. கொழுந்து பறிக்கும் செல்லம்மாவின் மகள் அவள். கைபேசியிலேயே தாளம் சேர்த்து, தானே எழுதி, தானே பாடியிருந்தாள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியபோது அதைப் போட்டுக் காட்டினாள். இரண்டு வரிக்குள் என் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாங்க மாஸ்டர், பாவக்காயப் பச்சையா கடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் செல்லம்மா. கூட்டம் சிரித்தது. "கடைசி வரைக்கும் கேளுங்களேன். நமக்குத்தாங்க சொல்லியிருக்கா எம்புள்ள."

"மழையே வேணாம் செல்லம்மா. இந்தச் சத்தத்துக்கே மலை சரிஞ்சிரும்!" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

பாட்டு ஒலிக்கும்வரை ஏற வேண்டும், நின்றால் ஆபத்து நீங்கியது, திரும்பலாம். நான் போன பிறகே இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தார்கள். அந்தப் பாட்டின் கடைசி வரியும் அதையே சொல்லிற்று. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவன், தமிழில் சொல்லப்பட்டதை இருந்து கேட்கவில்லை!

ஆடி மாதம். விடாத மழை. மாலைப் பூசைக்காகக் குடையுடன் கோயிலுக்கு வந்தேன். பனிமூட்டத்தில் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருந்தது. அதே தாளம், அதே கூச்சல்... பூசை வேளையில்! அறைக்குள் ஒருவருமில்லை. வயரில் மாட்டிய கைபேசி மட்டும் மேசைமேல் கிடந்தது. என்னைச் சீண்டுவதற்கென்றே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தர்ஷினி ஓடியது நடக்க இயலாதவர்களைத் தூக்கிவர என்று எனக்கு எப்படித் தெரியும்?

எப்படித் தெரியும் என்றா கேட்டேன்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வயரைப் பிடுங்கினேன். கைபேசி தன் சிறு வாயால் தொடர்ந்து பாடியது. ஏறு... ஏறு... அந்தச் சொல் அப்போது என் காதில் விழுந்ததா? பின்னர் நானாகச் சேர்த்துக்கொண்டேனா? நாள்தோறும் என்னையே கேட்கிறேன். அது ஓயும்வரை அழுத்தி, அணைத்தேன்.

நல்ல அமைதி. அதில் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு மேலே, லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல ஓர் இரைச்சல். காற்றில் பச்சை மண்ணின் வாடை.

அந்த இரைச்சல் அடங்கியதும் நான் செய்த முதற்காரியம் என்ன தெரியுமா? ஓடவில்லை. கூவவில்லை. கைபேசி தானாக அணைந்தது போல் தோன்ற, வயரை மீண்டும் அதில் சொருகினேன்!

பாட்டு நின்றதும் பாதையில் இருந்தவர்கள் திரும்பியிருந்தார்கள். கட்டிவைத்த ஆட்டின் நினைவு வந்து, செல்லம்மா மற்றவர்களை முந்திக்கொண்டு லயத்துக்குள் போயிருந்தாள். மறுநாள்தான் அவளை எடுத்தார்கள்.

ஈமக்காரியம் முடிந்தபின் தர்ஷினி என்னிடம் வந்தாள்.

"சார்ஜ் இருக்கான்னு பாக்காம வச்சிட்டேன் மாஸ்டர். நான்தான் எங்கம்மாவத் திருப்பி அனுப்பிட்டேன்."

நான் என்ன சொன்னேன்? "விதிம்மா" என்றேன்.

இந்த ஆண்டும் மழை வந்துவிட்டது. வெடிப்பு இப்போது கீழ் லயத்துப் பக்கம் நீண்டிருக்கிறது. தர்ஷினி பாடுவதில்லை. "அந்தப் புள்ள இனிமே அதத் தொடமாட்டேங்குது. நீங்களே ஒரு பாட்டாப் பாத்துக் குடுங்க மாஸ்டர்" என்றார் கோயில் தலைவர். நான் நாற்பது வருடமாகப் போற்றும் ஒரு பக்திப் பாட்டைக் கொடுத்தேன். நிதானமான நடை, ஒவ்வொரு சொல்லும் முத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ஒருவரும் ஏறவில்லை. பூசை தொடங்கிவிட்டதென்று ஒருத்தி விளக்கேற்றினாள்.

"நல்ல பாட்டுங்க மாஸ்டர்" என்றாள் தர்ஷினி. அவள் குரலில் கேலி இல்லை. "கேட்டுக்கிட்டே இருந்தா தூக்கம் வந்துரும்."

அவர்களை எழுப்பக்கூடியது அவள் பாட்டு ஒன்றுதான். அதை மீண்டும் தரும்படி கேட்பதானால், அது ஏன் நின்றது என்று அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் பாரம் இறங்கும், ஒருவேளை பாடுவாள்... எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இன்று மதியம் அவள் வாசல்வரை போய் நின்றேன்.

"என்னாங்க மாஸ்டர், நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மழை வலுக்குதும்மா."

"ஆமாங்க."

திரும்பிவிட்டேன். இப்போது ஒலிபெருக்கி அறையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். மழை குறையவில்லை; எச்சரிக்கை கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் பாட்டு மலையெங்கும் இனிமையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. சன்னல் வழியே பார்க்கிறேன்... கீழ் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.