தக்காளியை எட்டிப்பிடித்த பயற்றங்கொடி

தாதிப் படிப்பில் சேர்வதற்கான கணிதப் பரீட்சையில் நான் ஒருமுறை தோற்றிருந்தேன். இரண்டு பொருட்கள் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தால் எப்போது சமமாகும் என்று கேட்கும் கணக்குகள்தான் என்னைக் கவிழ்த்தன.

மறுபரீட்சை நெருங்கிய வசந்தத்தில், எங்கள் ரொறன்ரோ வீட்டு யன்னலோரம் என் கணவர் தோட்டத்துக்காகக் கன்றுகள் வளர்த்தார். தினமும் அளந்து எனக்குச் சொல்லுவார். ஒரு நாள் காலை தக்காளி இருபது சென்ரிமீற்றர். நாளுக்கு ஒன்று வளர்ந்தது. பயற்றங்கொடி எட்டுத்தான், ஆனால் நாளுக்கு மூன்று வளர்ந்தது. இடைவெளி பன்னிரண்டு, அது நாளுக்கு இரண்டாகக் குறைகிறது என்பது அன்று காலை சட்டென்று பிடிபட்டது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சருங்கோ, ஆறு நாளிலை ரெண்டும் ஒரே உயரத்துக்கு வந்திடும்."

"உமக்கு விசர்," என்று நம்பாமல் சிரித்தார்.

ஆறாம் நாள் அவரே அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். இரண்டும் இருபத்தாறு.

"ஓமப்பா, சரியாத்தான் சொல்லியிருக்கிறீர்," என்று மறுபடியும் அளந்தார்.

பரீட்சையில் தண்ணீர் நிரம்பும் இரண்டு தாங்கிகள் வந்தன. நான் முதலில் இடைவெளியைத் தேடினேன். தேறிவிட்டேன்.

கணக்கு என் மண்டையில் ஏறாது என்று இத்தனை வருடம் நானே சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது கடையில் நிற்கும்போதுகூட, எந்த வரிசை முந்தும் என்று ஆசையோடு கணக்குப் போடுகிறேன்.