தோளில் மாட்டிய ஒலிபெருக்கி
தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் மனைவியின் குரல் இறங்கிப்போனது. பேசினால் எனக்குக் கேட்கும். அடுத்த அறைக்குக் கேட்காது. சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் பெண்கள் வெள்ளிதோறும் ஒவ்வொரு வீட்டிலாக பஜனை வைப்பார்கள். பாட்டு நோட்டு இவளிடம்தான். இவள் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

"நோட்டை வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முப்பது மாடி லிஃப்டை ஓட வைக்கிறவனுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி எம்மாத்திரம்? ஜலான் புசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆம்ப்ளிஃபையர் போர்டு, புளூடூத் போர்டு, பேட்டரி எல்லாம் வாங்கினேன். "கடையில ரெடியா விக்கிறாங்க லா" என்றாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் அடக்கி, காதில் மாட்டும் புளூடூத் மைக்கோடு இணைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன். கணீரென்று கேட்டது. ஒயரே இல்லை பார் என்று மார்தட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் பாடுவது பெட்டியிலிருந்து சற்றே பிந்தி வந்தது. ஹலோ சொல்ல அது போதும். பாட்டுக்குத் தாளம் இருக்கிறதே, அதை நான் யோசிக்கவே இல்லை. முன்னால் இருந்தவர்கள் அவள் வாயைப் பார்த்துப் பாடினார்கள், பின்னால் இருந்தவர்கள் பெட்டியைக் கேட்டுப் பாடினார்கள். மூன்றாவது பாட்டில் இவள் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்றார்.

"என் குரலே எனக்குப் பின்னால வருதுங்க, எப்படிப் பாடறது?" என்றாள் வீட்டில்.

"உனக்கு மைக்கை ஒழுங்காப் பிடிக்கத் தெரியல" என்று எரிந்து விழுந்தேன். காதில் மாட்டும் மைக்கை யார் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை, குரலைத் தாமதப்படுத்திய அந்தப் புளூடூத் போர்டைப் பிடுங்கிப் போட்டேன். சேலையில் குத்திக்கொள்ளும் சாதாரண மைக், ஒரு முழம் ஒயர், பெட்டியைத் தோளில் மாட்ட ஒரு பட்டை. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாள். பட்டையை அவள் தோளுக்கு அளவு பார்த்தேன்.

அடுத்த வெள்ளி பாட்டு தடங்கல் இல்லாமல் போனது. ஆரத்தி முடிந்ததும் பெண்கள் சுண்டல் எடுக்கச் சமையலறைக்குப் போனார்கள். இவள் பெட்டியை அணைக்க மறந்து, தோளில் மாட்டியபடியே போயிருந்தாள். நான் கூடத்தில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"இது இல்லன்னா இன்னைக்கு நோட்டைக் குடுத்திருப்பேன்க்கா" என்று அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ரெண்டு வாரமா அந்த மனுஷன் சரியாவே சாப்பிடல. அவர்கிட்ட சொல்லிடாதீங்க லா, தலைக்கனம் ஏறிடும்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் கிடைத்த பாட்டு நோட்டை விரித்துப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் சுண்டல் தட்டோடு வந்தாள். "ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று பெட்டி கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்று எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.