லாரி சூடேற ஒரு ஜெபம்

மாமாவின் லாரியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஓட்டை போட்ட சின்ன மூடி ஒன்றுக்குப் பின்னால், ஒரு சுருள் கம்பி இருந்தது. சாவியைப் பாதி திருப்பிப் பிடித்தால் அது மெல்லச் சிவக்கும். என்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக்குகளும் சூடாகின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். குளிர்ந்து கிடக்கும் டீசல் என்ஜின் லேசில் கிளம்பாது என்பதால் பட்டாளத்து லாரிகளுக்கு இப்படி ஓர் ஏற்பாடு. மாமா என்றால் என் அக்காவின் கணவர். பனிமலைகளில் ராணுவ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊருக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு பழைய லாரியை ஏலத்தில் எடுத்து, செஞ்சிக்கு நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று புரியும். சித்திரை மதியத்தில் கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த ஊரில் ஒரு மனிதர் தினமும் லாரிக்குக் குளிர் விட்டுப்போகட்டும் என்று காத்திருப்பார். “இன்னா மாமா, வண்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கியாரட்டுமா?” என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். “வயசான என்ஜின் மச்சான். அதுக்கு லடாக்கும் ஒண்ணுதான், செஞ்சியும் ஒண்ணுதான்” என்பார்.

கம்பி சிவந்ததும் சாவியை முழுதாகத் திருப்பிவிட மாட்டார். கம்பி சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே சூடு பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தை அவர் கடிகாரம் பார்த்து அளந்ததில்லை. சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, அருள்நிறை மந்திரம் சொல்வார். எங்கள் வீடுகளில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் சொல்லித் தருகிற மாதா ஜெபம் அது. வெயில் காலத்தில் ஒரு தடவை, மார்கழியில் மூன்று தடவை. கடைசி ஆமெனுக்குச் சாவி திரும்பும், வண்டி உறுமும். பட்டாளத்தில் பழகியதாம். அக்கா அடுப்படியில் இருந்தபடியே, “மாதாவ வண்டி தள்ள வெச்சிட்டாரு பாரு” என்று முணுமுணுப்பாள். ஆனால் அந்த ஆமென் காதில் விழாமல் அவளுக்கு அன்றைய வேலை ஓடாது.

ஒரு மார்கழி விடியலில் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கை விழுந்துவிட்டது, பேச வாயெடுத்தால் வெறும் சத்தம்தான் வருகிறது என்றாள். கூப்பிட்டால் வருகிற ஆம்புலன்ஸ் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. முதல் பஸ்ஸுக்கு வெகு நேரம் இருந்தது. எனக்கு டிராக்டர் ஓட்டிய பழக்கம் உண்டு. மாமாவைத் தூக்கி லாரியின் முன்சீட்டில் சாய்த்தோம். அவர் தலை அக்காவின் மடியில் இருந்தது.

சாவியைப் பாதி திருப்பினேன். கம்பி சிவந்தது. “சொல்லுக்கா” என்றேன். அக்கா சொன்னாள். பயத்தில் மூன்று மந்திரத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அவள் அப்படி உருகி வேண்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நானும் அந்த ஆமெனை நம்பிச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் இரண்டு குலுக்கு குலுக்கி, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது. பேட்டரியின் சத்தம் அப்போதே இளைத்துவிட்டது. இன்னொரு தடவைதான் தாங்கும் என்று எனக்குத் தெரிந்தது. சாவியை மறுபடி பாதி திருப்பிப் பிடித்தேன். அக்கா அழுதுகொண்டே இன்னும் வேகமாக ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அதுவரை தண்ணீர் என்ற சொல்கூட வராத வாயில் அருள்நிறை மந்திரம் வந்தது. கொஞ்சம் குழறியது, ஆனால் சொல் ஒன்றும் விடுபடவில்லை. தினமும் சொல்லும் அதே நிதானம். அக்கா திகைத்து நிறுத்தினாள், பிறகு அவர் வேகத்துக்கே சேர்ந்துகொண்டாள். நான் அவசரப்பட்டுத் திருப்பிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது ஆமெனுக்குத் திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நான் அதை அணையவே விடவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. நெஞ்சில் ஊறிப்போன மனப்பாடம் சிலருக்கு இப்படி மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார். லாரியை விற்றாயிற்று, என் காரோ பொத்தானைத் தொட்டால் கிளம்பிவிடுகிறது. மாமாவிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஜெபம்தான். தண்ணீர் கேட்பதும் அதில்தான், பால்காரனைத் திட்டுவதும் அதில்தான். திட்டும்போது வேகமாக வரும், பால்காரனும் ரோஷத்தோடு பதில் சொல்வான்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மந்திரத்தை ஆரம்பித்தார். நானும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள்.

“கண்ண மூடிக்கினு இன்னாடா நிக்கற? சாப்டியான்னு கேக்கறாரு, பதில் சொல்லு.”