ஆசியா பேகத்தின் நாடித்துடிப்பு

ஆசியா அடக்கமாகி நான்காம் நாள் காலை ஆறு பத்துக்கு, அவள் கணவர் சலாஹுதீனின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

'ஆசியா பேகம் அவர்கள் நேற்று ஆறு மணி நேரம் நன்றாக உறங்கினார்கள். இதயத் துடிப்பு 68. அதிகபட்சம் 97. இந்த நாள் இனிய நாளாகட்டும்.'

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் இருக்கும் தம் மோட்டார் பட்டறையின் ஷட்டரை அப்போதுதான் ஏற்றியிருந்தார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. மூன்று பிடி மண் அள்ளிப்போட்ட அதே கையில்தான் கைப்பேசி இருந்தது.

பேய்க்கும் தாயத்துக்கும் இடம் கொடுக்கிற மனிதர் இல்லை அவர். அறுபத்தேழு வயது. ஷார்ஜாவில் பதினான்கு ஆண்டு காயில் சுற்றிவிட்டு, ஊர் திரும்பி இருபத்திரண்டு ஆண்டாகப் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவர். ஓதி ஊதிய தண்ணீரை யாராவது நீட்டினால், "எரிஞ்ச காயிலுக்கு ஓதுனா ஓடுமா? எனக்கும் அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். எந்தப் பேரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று அந்த இரைச்சலே அவருக்குச் சொல்லிவிடும்.

ஆகவே அவர் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டார்.

அந்த இயந்திரம் வீட்டுக்கு வந்து ஓர் ஆண்டு ஆகப்போகிறது. தோஹாவில் இருக்கும் மகன் சமீர், தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் 'உடனிருப்பு' திட்டத்தில் தாயைச் சேர்த்திருந்தான். ஆண்டுக்கு அறுபதாயிரம். எந்நேரம் கூப்பிட்டாலும் டாக்டர் பேசுவார். வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது. கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டால் போதும். அதற்குள்ளேயே சிம் இருப்பதால் நாடித்துடிப்பு தானாகத் தஞ்சாவூருக்குப் போய், தினமும் காலையில் கணவரின் கைப்பேசிக்குச் செய்தியாக வந்துவிடும். நாற்று நடுகிற பெண்கள் சர்க்கரை மாத்திரைக்காகப் பொழுது விடியுமுன் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் செருப்பைப் போட்டு இடம்பிடிக்கிற தாலுகாவில், ஒரு மணிக்கட்டுக்கு மட்டும் ஒரு டாக்டர் காவல் இருந்தார். ஆசியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எனக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு" என்று மீன்காரம்மாவிடம்கூடச் சொன்னாள்.

அந்தப் பெருமைதான் அவளைக் கொன்றது என்று சலாஹுதீன் நினைத்தார். வெளியே சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது, வியர்த்தது. ஆட்டோ ஓட்டும் அஹமது கபீர் வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்துவிட்டான். அரசாங்க ஆஸ்பத்திரி பத்து நிமிடம். ஆசியா ஏறமாட்டேன் என்றாள். "அந்தக் கூட்டத்துல என்னைக் கொண்டுபோய் நிறுத்தாதீங்க. நம்ம டாக்டருக்கு ஃபோன் போடுங்க." நம்ம டாக்டர் உடனே பேசினார். "வாட்ச்ல பல்ஸ் நார்மலா இருக்கும்மா. பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்." தஞ்சாவூரில் புறப்பட்ட வண்டி மன்னார்குடியைத் தாண்டும்போது ஆசியா போய்விட்டாள். வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லி ஓட்டுநருக்கு கபீர்தான் ஃபோன் செய்தான்.

கம்பெனி ஆபீசுக்கு அவள் இறந்ததை யாரும் சொல்லவில்லை; ஆக, அங்கே ஆசியா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். பழைய எண்களை இயந்திரம் திருப்பித் திருப்பி அனுப்புகிறது போலும். இப்படித் தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டு சலாஹுதீன் வேலையைப் பார்த்தார்.

மறுநாள் 71 என்று வந்தது. அதற்கு மறுநாள் 66. 'சற்றுக் குறைவாக உறங்கினார்கள்.' பழைய எண்கள் அல்ல. வாட்ச் எங்கே என்று அவருக்குத் தெரியாது. மையத்தை, அவள் உடலை, குளிப்பாட்டி கஃபன் துணி சுற்றியது பெண்கள். கபர் குழிக்குள் இறங்கி அவளைக் கைகளில் வாங்கியபோது துணிக்குள் கையில் எது இருந்தது, எது இல்லை என்று யார் பார்த்தார்கள்? ஆனால் அந்த வாட்சுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். மண்ணுக்குள் யார் சார்ஜ் போடுகிறார்கள்?

குளிப்பாட்டும்போது கூட இருந்த கொழுந்தியாள் ஃபஹ்மிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டால் செய்தி நின்றுபோகும் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருந்தது. காலை ஆறு பத்து வரைக்கும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

"என்ன காக்கா, ஃபோனைப் பாத்துப் பாத்து முகம் மலருது?" என்றான் கபீர், ஆட்டோவைப் பட்டறை வாசலில் சாய்த்துவிட்டு. "ரெண்டாவதா பொண்ணு கிண்ணு பாக்குறாங்களா?"

"போடா. முதல் பொண்டாட்டிகிட்டேர்ந்துதான் மெசேஜ் வருது."

கபீர் விழுந்து விழுந்து சிரித்தான். சலாஹுதீன் சிரிக்கவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் சமீர் கூப்பிட்டான். "வாப்பா, அந்தத் திட்டத்துக்கு வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். உம்மா பேரை எடுத்துட்டு உங்க பேர்ல கட்டிடுறேன். நீங்க தனியா இருக்கீங்க."

"உம்மா பேரை எடுக்க வேணாம்."

"ஏன் வாப்பா?"

"இருக்கட்டும். யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? அவளைக் காப்பாற்றாத திட்டம். எண்ணத் தெரிந்த எவனும் ஒரு காசு கட்டமாட்டான். ஆனால் கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அந்தத் துடிப்பு நின்றுவிடும். ஒருமுறை அவளை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவை தம் கையாலேயே நிறுத்துவதா? வார்னிஷ் மணக்கும் பட்டறையில் உட்கார்ந்து, எரிந்த கம்பியை உரித்துக்கொண்டே, கட்டிவிடலாம் என்றே அவர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்த 'அதிகபட்சம்' என்ற எண்தான் குறுக்கே நின்றது. மூட்டுவலிக்காரி ஆசியா. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதோடு சரி. அவள் துடிப்பு தொண்ணூறைத் தாண்டாது. இங்கே சில நாள் 120 என்று வந்தது, 126 என்று வந்தது. சும்மா ஓடுகிற மோட்டாருக்கும் தண்ணீர் இழுக்கிற மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? இது லோடு எடுக்கிற இதயம். தினமும் எண்ணைக் காலண்டரில் குறித்துவந்தார். புதன்கிழமை பிற்பகல், வெளியே சம்பா வயலை முழுக்காட்டும் மழை பெய்துகொண்டிருக்க, குறித்த நாட்களை வரிசையாகப் பார்த்தபோது அவர் விரல் நின்றது.

ஏழாம் தேதி அரிசிக்கடை சைபுல்லாவின் தாயார் மவுத்து. அன்று 122. பதினாறாம் தேதி வாய்க்கால்கரைத் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அன்று 126. இருபத்தோராம் தேதி பழைய இமாம் ஹஜ்ரத்தின் மனைவி. 120. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவிப்பு வந்த ஒவ்வொரு நாளும்! இல்லை, ஒவ்வொரு நாளும் அல்ல. இடையே இரண்டு ஆண்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் துடிப்பு எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

ஊரில் ஒரு பெண் மவுத்தானால் ஆசியாவின் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது.

நட்டநடுப் பகலில் அவர் கைமயிர் சிலிர்த்து நின்றது. ஷட்டரை இறக்கினார். இருபத்திரண்டு ஆண்டில், பெருநாளும் துக்கமும் தவிர, பகலில் கடை அடைத்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. ஒரு பெண்ணின் பெயர். சலாஹுதீன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றே காலுக்கு அது அடித்தது.

"சார், உடனிருப்புலேர்ந்து இனியவன் பேசுறேன். அம்மாவுக்கு பல்ஸ் நூத்தம்பதைத் தாண்டி தாறுமாறா போகுது சார். அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"தம்பி, அவ மவுத்தாகி நாப்பத்தாறு நாளாச்சு."

மறுமுனையில் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"சார்... அப்ப இது யாரோட பல்ஸ்?"

அந்தக் கேள்வியை வேறொரு வாயிலிருந்து கேட்டதும் சலாஹுதீனுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. பெண் மையத்து. குளிப்பாட்டி முடிக்க இரண்டு மணி நேர வேலை. வாளி வாளியாகத் தண்ணீர் தூக்குகிற வேலை. ஊரில் அதைச் செய்கிறவள் ஒருத்திதான். ஃபஹ்மிதாவுக்கு ஃபோன் போட்டு, வாட்ச் குளிப்பாட்டினவளிடமா இருக்கிறது என்று கேட்டார்.

"ஆமா மச்சான்" என்றாள் அவள் சாதாரணமாக. "மையத்து மேல இருந்ததெல்லாம் குளிப்பாட்டுறவளுக்குத்தானே? நகையை மட்டும் எடுத்துக்கிட்டு, சேலை, வாட்ச்சு எல்லாம் மைமூன்கிட்ட கொடுத்துட்டேன். சார்ஜரையும் சேத்து."

"அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன், வாட்ச்சுதானே? எழுத்துப் பெருசா தெரியுது, சுபுஹு தொழுகைக்கு எழும்ப வசதின்னு சொன்னா."

கபீரின் ஆட்டோ முள்ளியாற்றங்கரையில் நின்றபோது, மைமூன் ஈரச் சேலையோடு தன் குடிசைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலை முடித்து வந்தவள் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். பார்த்தால் எழுபது என்று சொல்லலாம். உதடு வெளுத்திருந்தது. அவள் மணிக்கட்டில் ஆசியாவின் வாட்ச். 156. 149. 161.

"காக்கா, நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு துள்ளுற மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா வந்து வந்து போவுது. ஆஸ்பத்திரின்னா ஒரு நாள் முழுக்கப் போயிரும். மையத்து காத்துக்கிட்டு இருக்குமா?"

ஊரார் பெண்டுகளைக் கடைசியாகச் சுத்தம் செய்து அனுப்புகிறவள் நெஞ்சில் ஊர் ஒருநாளும் காது வைத்துக் கேட்டதில்லை. ஒரு பிழையால், ஒரு செத்தவளின் பெயரில்தான் அவள் துடிப்பு தஞ்சாவூர் வரை கேட்டது.

கைப்பேசி மறுபடி அடித்தது. "சார், அந்த லேடியை இப்பவே மெம்பரா சேத்துட்டீங்கன்னா டாக்டர் லைன்ல வருவாரு. இல்லேன்னா ஆறு மணிக்கு வாட்ச்சை லாக் பண்ணச் சொல்றாங்க. வேற ஆள் யூஸ் பண்ணக் கூடாது. ரூல்ஸ் சார்."

"டாக்டர் பக்கத்துலதான் இருக்காரா?"

"இருக்காரு சார்."

"நூத்தி அறுபதுங்குறதை அவரும் பாத்தாரா?"

"...பாத்தாரு சார்."

"பாத்துட்டு?"

இனியவனின் குரல் தணிந்து வந்தது. "சார், காத்துக்கிட்டு இருக்காதீங்க. பக்கத்துல ஜி.ஹெச். இருந்தா உடனே தூக்கிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பத்து நிமிடம். நாற்பத்தாறு நாளுக்கு முன் போகாத அதே பாதையில் அந்த ஆட்டோ இப்போது போனது. ஆஸ்பத்திரி நடைபாதையில் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தவர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். ஒரே டாக்டர், நூறு பேர். இருந்தும் செம்மொழி என்ற நர்ஸ் மைமூன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வரிசையைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு 108 வண்டியில் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஃபஹ்மிதா துணைக்கு வந்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மைமூன் வாட்சைக் கழற்றி நீட்டினாள்.

"காக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஆசியா லாத்தா கையிலேர்ந்து இதைக் கழட்டுனப்ப, அதுல நம்பரு ஓடிக்கிட்டிருந்துச்சு. எழுவத்தொண்ணுன்னு. எனக்குக் கொல நடுங்கிப்போச்சு. ரெண்டு தடவை மூக்குல கைவெச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. உடம்பு சில்லுன்னு கெடந்துச்சு."

வண்டி போய்விட்டது. சலாஹுதீன் அந்த வாட்சை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'வாட்ச்ல பல்ஸ் நார்மலா இருக்கும்மா.'

ஐந்தரை மணிக்கு வீட்டுக் கொல்லைக்குப் போனார். மழை விட்டிருந்தது. கிணற்றடியில் ஒரு பூவன் வாழை, இன்னும் குலை தள்ளாத கன்று, மணிக்கட்டை விடச் சற்றே பருமன். வாட்சின் பட்டையைக் கடைசி ஓட்டை வரை தளர்த்தி அதில் கட்டினார். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கியது. எண் வரவேண்டிய இடத்தில், துடிப்பு இல்லை என்பதுபோல, இரண்டு கோடுகள் தெரிந்தன. அவை அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார்.

74.

காற்றில்லை. இலை அசையவில்லை. 72. 73.

ஃபஹ்மிதா கூப்பிட்டாள். "மச்சான், அவளுக்கு இப்ப பரவாயில்லை. தொண்ணூத்தியாறாம். நர்சம்மா கையைப் புடிச்சுப் பாத்து எண்ணிச் சொன்னாங்க."

"கையைப் புடிச்சா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை."

வாழையை நெருங்கி வாட்சின் முகப்பை மட்டும் படம் எடுத்து தோஹாவுக்கு அனுப்பினார். அடுத்த நிமிடம் சமீர் அழைத்தான்.

"நல்லா இருக்கே வாப்பா, எழுவத்தி மூணு. கட்டிக்கிட்டீங்களா? நான் பணம் போட்டுடவா? இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"அது என் கை இல்லடா."

"பின்ன யாரோட பல்ஸ்?"

"கெணத்தடி வாழைமரம்."

மகன் சிரித்தான். வாப்பா சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். பிறகு சின்னப் பையன் குரலில், "அன்னைக்கு உம்மாவுக்கு நார்மல்னு சொன்னாங்களே..." என்றான்.

"ஆமா. சொன்னாங்க. பணம் போடாதே."

ஆறு மணிக்கு வாட்ச் அணைந்து கறுத்தது. வாழை எப்போதும்போல நின்றது.