எங்கள் உப்பளத்துக்கு ஒரு டூர்

மகள் வேலை செய்யும் கம்பெனியின் குலுக்கலில் இரண்டு பேர் தங்கும் ரிசார்ட் பேக்கேஜ் அவளுக்கு விழுந்தது. அவள் எங்களை அனுப்பி வைத்தாள். காஷ்மீருக்கா, ஊட்டிக்கா? எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே! ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, வாசலில் வரவேற்று நீட்டிய சிப்பி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டோம்.

நாங்கள் இருவரும் உப்பளத்தில் கூலிவேலை செய்கிறவர்கள். நான் உப்பு வாருவேன். என் மனைவி அதைக் கூடையில் சுமந்து போய்க் கரையில் கொட்டுவாள். "பேக்கேஜுக்கு மேல நயா பைசா தரமாட்டேன்" என்று கிளம்பும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்.

ரிசார்ட்டில் டூர் விற்பதற்கென்றே சிரித்த முகமாக ஒருவர் இருந்தார். இட்லியைப் பிட்டால் எதிரில் வந்து நிற்பார்.

"சார், பெருமுக்கல் மலைக்கோயில் டிரிப் போறீங்களா?"

"வருஷா வருஷம் ஏறறேங்க."

"உப்பங்கழியில போட்டிங்?"

"அந்தத் தண்ணியிலதாங்க எங்க பொழப்பே நடக்குது."

அவர் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன். கடைசி நாள் காலையில், "உப்பளத்துல ஒரு வாக் சார். ஃபாரினர்ஸ் அவ்ளோ ஆசையா வருவாங்க" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போலாங்க."

"ஏம்மே, தெனம் பாக்கற உப்புதானே?"

"எங்க பாத்தேன்? தலையில கூடை இருந்தா காலடியத்தான் பாக்கணும். ஒரு தபா வெறுந்தலையோட நடக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே வேலை செய்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டினேன்.

வேன் போய் நின்றது எங்கள் உப்பளத்திலேயே. "வரப்பு வழுக்கும், பாத்து வாங்க மேடம்" என்றார் கூடவே வந்த டூர்க்காரர். மேடம் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பாதி வரப்பைக் கடந்திருந்தாள். எதிரே கூடையோடு வந்தவள் அவளோடு கூடவே சுமப்பவள்.

"ஏன்டி, டூரிஸ்ட்டா வந்துட்டியா?" என்று கத்தினாள்.

சுமையோடு வருகிறவளுக்குத்தான் வழி, அது எங்கள் உப்பள வழக்கம். மனைவி சட்டென்று பாத்தி ஓரம் இறங்கி வழிவிட்டாள். பிறகு ஏறி, கைகளை வீசிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தாள்.

"டைம் முடிஞ்சிச்சு சார். மேடத்தக் கூப்பிடுங்க."

"இன்னொரு டிரிப்புக்குக் காசு வாங்கிக்கப்பா" என்றேன். "அவ நடக்கட்டும்."